இருபது கிலோ வட்டம்

பாளையங்கோட்டையில் மருந்துக்கடை மாடியில் எங்கள் ஜிம்.
தரை முழுக்கக் கறுப்பு ரப்பர்.
தட்டு விழுந்தால் கீழே சிரப் பாட்டில்கள் குலுங்கக் கூடாதென்று
செல்வின் கடன் வாங்கிப் போட்டது.
விடியுமுன் நாலே முக்காலுக்கு
ஷட்டரைத் தூக்குவேன்.
அன்றைய முதல் எடை.

ஐப்பசியில் அடைமழை. நாலு நாள் பூட்டு.
திறந்த அன்று
ஜன்னலோரம் கிடந்த தட்டை நகர்த்தினால்
அடியில் ஒரு வட்டம்,
தேரிமண் நிறத்தில்.
நடுத்துளைக்கு ஒரு குட்டி வட்டம்.
இடம் வலம் மாறி அச்சாகியிருந்தது எண்:
02.

“பிளீச்சிங் பவுடர் போடுங்கக்கா.”
போட்டேன்.
ரப்பர் வெளுத்தது, கறை இன்னும் சிவந்தது.
கம்பி பிரஷ் எடுத்தேன்.
பென்சில் ரப்பர் தூள் மாதிரித் தரைதான் உதிர்ந்தது.
மண்ணெண்ணெய் என்று வாயெடுத்தவனை
வாசலோடு அனுப்பினேன்.
சைக்கிள் டியூப் அதில் ஊறி உப்பினதை
நான் பார்த்திருக்கிறேன்.

மார்க்கெட்டில் புளியங்குடி எலுமிச்சை,
அடிபட்டது, கூறு இருபது ரூபாய்.
பிழிந்து, பத்து நிமிஷம் விட்டு,
சோடா உப்பைக் குழைத்துப் பூசி
என் பழைய பல் பிரஷால் தேய்த்தேன்.
நுரை பழுப்பானது.
துணி பழுப்பானது.
வட்டம் பிறையாகி,
பிறை இரண்டு மூன்று புள்ளியாகி,
ஈரத் துணி, பிறகு காய்ந்த துணி.
கண்ணாடிக்கு முன்னால் தரை மறுபடி இருட்டானது.
ஜிம் முழுக்க ஜூஸ் கடை வாசம்.
ஞானதுரை வந்து மூக்கை உறிஞ்சினான்:
“சர்பத் எங்க டெய்சிக்கா?”

மூன்றாம் நாள் திரும்ப மஞ்சள்.
இந்தத் தடவை வட்டமில்லை.
வளைவு வளைவாக,
என் கை மாப் வீசின வாக்கில்.
தட்டே இல்லாத இடத்திலும்.

ராத்திரி வைத்துப்போன வாளியைக் காலையில் பார்த்தேன்.
அடியில் மஞ்சள் வண்டல்,
மேலே மினுமினுப்பாக ஒரு ஏடு.
போர் தண்ணி.
இரும்பைத் துடைக்க
இரும்பைக் கரைத்தே ஊற்றியிருக்கிறேன்
இரண்டு வருஷமாக.
நல்லவேளை, யாரும் பார்க்கவில்லை.

இப்போது சமாதானபுரத்தில் எங்கள் தெருக் குழாயில்
ஆற்றுத் தண்ணி பிடித்து
இருபது லிட்டர் கேன் இரண்டு,
கைக்கொன்றாக,
முப்பத்தோரு படி.
எஸ்.ஐ. தேர்வுக்கு ஏறும் பையன்கள் சுவரோடு ஒதுங்குகிறார்கள்.
“எத்தன செட்டுக்கா?”
“ஒண்ணுதாம்லே. வழிய விடு.”

ஸ்டாண்டு வாங்கச் செல்வினிடம் காசில்லை.
தட்டுக்கெல்லாம் அடியில் மரச் சட்டம் கொடுத்தேன்.
சாரல் நாளில் மேற்கு ஜன்னலுக்குக் கொக்கி.
சனிக்கிழமை
தையல் மெஷின் எண்ணெய் துணியில் நாலு சொட்டு,
தட்டைத் துடைத்து
அதையும் இன்னொரு துணியால் துடைத்து.
மிஞ்சினால் கை வழுக்கும்,
சொட்டினால் ரப்பர் கெடும்.
பலகையில் சாக்பீஸால் எழுதினேன்:
உங்கள் வியர்வை உங்களுடையது.
துடைத்து எடுத்துக்கொண்டு போகவும்.

ஞானதுரை உடல்தகுதித் தேர்வுக்குப் போனவன்
அப்புறம் வரவில்லை.
ஆனதா ஆகலையா, போனை எடுப்பதில்லை.
அவன் மட்டும் தூக்கின இருபத்தைந்து இரண்டும்
மூலையில்.
தினமும் பூட்டுமுன்
ஒவ்வொன்றாகத் தூக்கிப் புரட்டி
இடம் மாற்றி வைக்கிறேன்.
பயிற்சியெல்லாம் இல்லை, ரப்பருக்காக.
மாதக் கட்டணமும் கட்டுவதில்லை.

போன ஞாயிறு கோயிலுக்குக் கிளம்பினால்
ஜாக்கெட் கை ஏறவில்லை.
இரண்டு பக்கமும் தையலைப் பிரித்து
அரை இஞ்ச் விட்டுத் தைக்க உட்கார்ந்தேன்.
மெஷின் கிறீச்சிட்டது.
எண்ணெய்ப் பாட்டிலைத் தேடினேன்.
அது ஜிம்மில் இருந்தது.